மாமா சிகரெட்டை விட்ட வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 9

திரையில் நாலாம் நம்பர் வாயுப் பெட்டி பன்னிரண்டு என்றது. பக்கத்தில் பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது.

ஏலோய் கொந்தார்கோ அந்தத் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். வெளியே சுரங்கத்தின் வாய் ஆவென்று திறந்து கிடந்தது. அதையும் பார்க்கப் பிடிக்காமல் தன் இடது கையைப் பார்த்தான். அதில் மூன்று விரல்தான் மிச்சம். மற்ற இரண்டையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சுரங்கத்துக்குள் விட்டுவிட்டு வந்தவன் அவன். பத்தொன்பது மணி நேரம் சரிந்த பாறைக்கு அடியில் கிடந்துவிட்டு வெளியே வந்த அன்று, இனி கல்லறைக்குத் தவிர வேறு எதற்கும் மண்ணுக்குள் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தான். அதற்கப்புறம்தான் காசில்டாவிடம் வேலைக்குச் சேர்ந்தான்.

காசில்டா தார்கி ஓருரோ நகரத்துச் சந்தையில் ரேடியோ, போன், தராசு பழுது பார்ப்பவள். ஐம்பது வயது. அங்கே மரியாதைக்குப் பெண்ணைத் 'தோன்யா' என்றும் ஆணைத் 'தோன்' என்றும் கூப்பிடுவார்கள். கொசுவப் பாவாடை, உருண்டைத் தொப்பி, இடுப்புத் துணியில் சொருகிய ஸ்க்ரூடிரைவர். எது ஏன் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதில் பேர் வாங்கியவளிடம், யார் ஏன் செத்தார் என்று கேட்டுக்கொண்டும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி.

இப்போது அவள் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் குனிந்து, பின்பக்கத்து ஒயர்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"பன்னண்டே முக்கால்," என்றான் ஏலோய். "ஷிப்ட் இறங்க இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு தோன்யா."

ஒன்பது நாளாக மூடிக் கிடந்த நாலாம் மட்டத்தை இன்றைக்கு இரண்டு மணிக்குத் திறக்கிறார்கள். பதினாலு பேர் இறங்கப் போகிறார்கள். ஒன்பது நாள் முந்தி, ஒரு புதன்கிழமை, அதே மட்டத்தில் செகுந்தினோ என்ற சுரங்கத் தொழிலாளி விஷவாயுவில் செத்துக் கிடந்தார். அன்றைக்கும் இந்தத் திரை பன்னிரண்டு என்றுதான் காட்டியது. பச்சைப் பொட்டுதான் எரிந்தது. அதனால் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மட்டத்தில் வாயு இல்லை, செகுந்தினோ குடித்துவிட்டுக் கைவிடப்பட்ட பழைய குடைவுக்குள் போய், அங்கிருந்த வாயுவை மூச்சில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து விழுந்திருக்கிறார். தப்பு செத்தவர் மேல்.

அவர் மனைவி குமெர்சிண்டா அதை ஏற்கவில்லை. காசில்டாவைக் கூட்டி வந்தது அவள்தான். இப்போதும் சுரங்க வாய்க்குப் பக்கத்தில், கழிவுக் கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவர்களிடம் மூன்றே வாக்கியம்தான் பேசினாள். "அவர் குடிக்கலை. யாரோ கொன்னிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க."

காசில்டா மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தாள்.

"சீரியல் போர்ட் சரியாத்தான் இருக்கு. வேகமும் சரி. வேகம் தப்பா இருந்தா எழுத்தெல்லாம் கோழி கிளறுன மாதிரி வரும். வேற எந்தப் புரோகிராமும் போர்ட்டைப் பிடிச்சு வெச்சுக்கலை. ஒயர் அறுந்திருந்தா 'பதில் இல்லை'ன்னு சிவப்பு எரியணும். எரியலை."

"அதைத்தானே நானும் காலையிலேருந்து சொல்றேன்," என்றார் இன்ஜினியர் பாஸ்கோபே. முப்பது வயது, பட்டணத்து ஷூ. நாலு இடத்தில் வாயு உணரும் பெட்டிகளை வைத்து, நாலையும் ஒயரால் மேலே கொண்டுவந்து, இந்த சுரங்கத்துக்கென்றே சொந்தமாகப் புரோகிராம் எழுதியவர் அவர்தான். "என் புரோகிராம்ல ஒரு பழுதும் இல்லை தோன்யா."

"பழுது இல்லைங்கறதுதான் பயமா இருக்கு இன்ஜினியர்."

"சீரியல் போர்ட்டுன்னா," என்று ஏலோய் குறுக்கே வந்தான், "மத்தியானம் டிவியில அழுவாங்களே, அந்த சீரியலா?"

"அதேதான்," என்றாள் காசில்டா சிரிக்காமல். "ஒரே ஒயர்ல ஒவ்வொரு எழுத்தா வரிசையில வரும். எல்லாரும் அதை நம்பி உக்காந்து பாப்பாங்க. நடுவுல ஒருத்தர் பொய் சொல்லிட்டிருப்பாங்க."

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். திரையில் ஒரு கோடு மூன்று மாதத்துக்கு நீண்டு கிடந்தது. எட்டு, பதினொன்று, ஒன்பது, பதினாலு என்று புல் மாதிரி ஆடிக்கொண்டு போன கோட்டில், அங்கங்கே ஒரு முள் நின்றது. நாற்பது. நாற்பத்தைந்து. கால் மணி நேரத்தில் தணிந்துவிடும்.

"இது என்ன முள்ளு?"

"லைன்ல வர்ற இரைச்சல்," என்றார் இன்ஜினியர். "வடிகட்டணும்னு நினைச்சிட்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஐம்பதைத் தாண்டிப் போய் சங்கே ஊதிடுச்சு. எல்லாரும் போட்டது போட்டபடி மேல ஓடி வந்தாங்க. ஒண்ணுமே இல்லை."

"செவ்வாயா?" ஏலோய் திரைக்குப் பக்கத்தில் வந்தான். மூன்று விரலால் முட்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். "இது செவ்வாய். இது வெள்ளி. இது செவ்வாய். எல்லாம் பதினோரு மணி. தோன்யா, இது இரைச்சல் இல்லை. இது மாமா."

சுரங்கத்துக்குள் ஒவ்வொரு மட்டத்திலும் கொம்பு வைத்த மண் சிலை ஒன்று உட்கார்ந்திருக்கும். தாதுக்கும் உயிருக்கும் சொந்தக்காரர். எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு மெல்லுவதற்குக் கோகா இலை, எரிசாராயம், வாயில் பற்றவைத்த சிகரெட். யார் மறந்தாலும் இதை மட்டும் மறக்கமாட்டார்கள்.

"நாலாம் பெட்டியை எங்க மாட்டினீங்க இன்ஜினியர்?"

"அங்க ஒரு மாடம் மாதிரி குடைஞ்சு வெச்சிருந்தாங்க. ஈரம் இல்லாத இடமா இருக்கேன்னு..."

"மாமா தலைக்கு மேல மாட்டிட்டாரு," என்றான் ஏலோய். "மனுஷன் நிம்மதியா ஒரு சிகரெட் பிடிக்க முடியலை. ஊதுனா சங்கு ஊதுது."

காசில்டாவின் விரல் கோட்டின் மேல் நகர்ந்தது. முள். முள். சங்கு ஊதிய செவ்வாயின் பெரிய முள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால், கோடு ஆடுவதை நிறுத்தியது. பன்னிரண்டு. அங்கிருந்து ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. செகுந்தினோ செத்த புதன் வழியாகப் போனது. இன்றைய வெள்ளி வரைக்கும் வந்தது.

"பதினாலு நாளா மாமா சிகரெட் பிடிக்கலை," என்றாள் மெதுவாக. "ஏலோய், மாமா சிகரெட்டை விடுவாரா?"

"நான் பொண்டாட்டியை விட்டாலும் விடுவேன் தோன்யா, அவர் அதை விடமாட்டாரு." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு அதன் அர்த்தம் உறைத்தது. அப்படியானால் இரண்டு வாரமாக இந்தப் பன்னிரண்டு யாருடைய பன்னிரண்டு?

இன்ஜினியர் உதட்டை நக்கிக்கொண்டார். "இன்னிக்கு ஒருவேளை சிகரெட்டே வெக்கலையோ என்னவோ."

காசில்டா சுவரில் இருந்த சுரங்கத்து போனின் கைப்பிடியைச் சுற்றினாள். மட்டத்தைத் திறப்பதற்கு முன் மாமாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய, இலாரியோன் என்ற குழுத்தலைவர் காலை ஆறு மணியிலிருந்து கீழேதான் இருந்தார்.

"வெச்சேன்," என்றது அவர் குரல், தூக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி. "ஆறு சிகரெட். பதினோரு மணிக்கு. ஏன்?"

இன்றைய பதினோரு மணிக்கும் திரையில் பன்னிரண்டுதான் இருந்தது.

"சங்கை ஊதுங்க இன்ஜினியர். ஷிப்டை நிறுத்துங்க."

"சிகரெட்டைக் காட்டிப் பதினாலு பேரை நிறுத்தச் சொல்றீங்களா? கூட்டத்துல என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. இலாரியோன் ஆறு மணி நேரமா உள்ள உசிரோடதானே இருக்காரு? யாராவது பெட்டியைப் பாத்துட்டு இதுதான் பழுதுன்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் ஊதறேன்."

"நான் போறேன்," என்று காசில்டா தொப்பியை அழுத்தினாள்.

"நீங்க போகக் கூடாது தோன்யா." இன்ஜினியருக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. "பொம்பளை இறங்கினா தாது ஓடிப்போயிடும்னு இவங்க ஷிப்டையே விட்டுட்டுப் போயிடுவாங்க."

"நல்லதாப் போச்சு. அப்ப இறங்கறேன்."

"தூக்கிக் கொண்டுவந்து வெளியே போடுவாங்க. ஷிப்டு என்னவோ இறங்கத்தான் செய்யும்."

யாரும் ஏலோயைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பதினாலு பேர் கன்னம் புடைக்கக் கோகா இலையை அடக்கிக்கொண்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்து வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நாலு பேர் அவனைப் பாறைக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தவர்கள்.

"வாயு பாக்கற கைமீட்டர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"ஒண்ணு இருந்துச்சு. வேலை செய்யலை," என்றார் இன்ஜினியர்.

"அதுவும் செத்துடுச்சா? பாவம், குடிச்சிட்டுப் போயிருக்கும்."

காசில்டா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "பதினஞ்சு நிமிஷம். தலை வலிச்சா வந்துடணும்."

"எனக்கு இப்பவே வலிக்குது தோன்யா."

"அது பயம்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

அவள் ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்து அழுத்தினாள்.

அவனை ஏற்றிக்கொண்டு லிப்ட் கூண்டு இறங்கியது. முதல் மட்டம் வரைக்கும் குளிர். அதற்குக் கீழே காற்று வெதுவெதுப்பாகி, ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. முட்டுக் கொடுத்த மரங்கள் எங்கோ முனகின. பத்தொன்பது மணி நேரம் அவன் கேட்டுக்கொண்டிருந்த முனகல். கடவுளே என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விழுங்கினான். உள்ளே அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. மாமாவுக்குப் பிடிக்காது.

நாலாம் மட்டத்தில் இறங்கி அறுபது அடி தூரம் தண்டவாளத்தின் மேல் நடந்தான். திருப்பத்தில் ஹெல்மெட் விளக்கு பட்டதும் இரண்டு கண்ணாடிக் கண்கள் எரிந்தன. மாமா உட்கார்ந்திருந்தார். கொம்பு, கழுத்தில் போன கார்னிவல் திருவிழாவின் காகிதத் தோரணம், வாயில் சாம்பலாகிப் போன சிகரெட். தலைக்கு மேல் சாம்பல் நிறப் பெட்டி.

"வந்துட்டேன் மாமா," என்று முணுமுணுத்தான். "வரமாட்டேன்னு சொன்னதைப் பெருசா எடுத்துக்காதீங்க. ரெண்டு விரலை வேற இங்க குடுத்து வெச்சிருக்கேன்."

"யாரோட பேசறே?"

ஏலோய் துள்ளினான். பக்கத்தில், பலகை மேல், இலாரியோன் உட்கார்ந்திருந்தார். மடியில் சம்மட்டி. முகம் சிவந்து பளபளத்தது. கண் அவன் மேல் நின்றது, ஆனால் அவனைப் பார்த்த மாதிரி இல்லை. இந்த இலாரியோனுக்கும் செகுந்தினோவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்று காலையில் யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"மேலேருந்து அனுப்பினாங்க தோன் இலாரியோன். பெட்டியைப் பாக்கணும்."

"பெட்டில ஒண்ணுமில்லை."

ஏலோய் தூணில் அடித்திருந்த போனை எடுத்தான்.

"சிகரெட் பத்த வை," என்றாள் காசில்டா. "பெட்டி மேல ஊது."

மூன்று தீக்குச்சி வீணானது. நாலாவது பற்றியது. இழுத்து, பெட்டியின் ஓட்டைகளில் புகையை ஊதினான்.

"என்ன வருது?"

"பன்னண்டு."

இன்னொரு முறை ஊதினான். இருமினான். நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். பயம்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டான்.

"பன்னண்டேதான்," என்றாள் காசில்டா. "சரி, இரு. புரோகிராமை நிறுத்திட்டு நானே ஒயர்ல பேசறேன். வழக்கமா மேலேருந்து 'நாலு?'ன்னு கேப்போம். பெட்டி, 'நாலு, பன்னண்டு'ன்னு சொல்லும். நான் அதைக் கேக்காம வேற எதையாவது அடிக்கறேன். உன் பேரை அடிக்கறேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"தோன்யா?"

ஏலோய் போனின் கொக்கியைத் தட்டினான்.

"தோன்யா, என்ன வந்துச்சு?"

"ஏலோய்னு வந்துச்சு."

அவன் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். மாமாவின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தான். "பெட்டிக்கு என் பேரு எப்படித் தெரியும்?"

"உன் முழுப்பேரையும் அடிச்சேன். அதுவும் வந்துச்சு."

"தோன்யா, நான் வந்துடறேன். எனக்கு முடியலை."

"நில்லு. குடைவுப் பக்கமாத் திரும்பி சத்தமா உன் பேரைச் சொல்லு."

"என்னது?"

"கத்துடா!"

"ஏலோய்!" என்று கத்தினான். இருட்டுக்குள்ளிருந்து லோய், லோய் என்று திரும்பி வந்தது. பலகை மேல் இலாரியோன் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"திரும்பி வந்துச்சுல்ல? அதுதான் இது. பெட்டி பேசலை ஏலோய். சுவர் பேசுது. போற கம்பியையும் வர்ற கம்பியையும் யாரோ சேர்த்து முடிச்சுப் போட்டிருக்காங்க. நாம கேக்கறது நமக்கே திரும்பி வருது. ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போ."

பின்னால் இன்ஜினியர் என்னவோ சொல்வதும், காசில்டா அவரை நோக்கிச் சீறுவதும் கேட்டது. "பதில் வந்து, அதுல நம்பர் இல்லைன்னா பழைய நம்பரையே காட்டும்படியா எழுதியிருக்கே? யாரு கேட்டாங்க உன்னை?"

ஏலோய் போனைத் தொங்கவிட்டுவிட்டு ஒயரைத் தடவினான். அது பெட்டிக்குப் போகவில்லை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் வளைந்து இறங்கியது. அங்கே, சிலைக்கும் பாறைக்கும் இடையில், ஒயரின் ஒன்பது துளை முனை அனாதையாகக் கிடந்தது. இரண்டாம் துளையிலும் மூன்றாம் துளையிலும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் இரண்டு கொம்பு மாதிரி முறுக்கிச் சொருகப்பட்டிருந்தது.

"அதைத் தொடாதே."

இலாரியோன் எழுந்து நின்றுவிட்டார். சம்மட்டி கையில் இருந்தது.

தொங்கிக்கொண்டிருந்த போன், காசில்டாவின் குரலில் கரகரத்தது. ஏலோய் அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு. ரெண்டாம் துளை, மூணாம் துளையா?"

"ஆமா."

"ஒயர் போட்டப்ப இன்ஜினியர் இதே மாதிரி முடிச்சுப் போட்டுத்தான் சோதிச்சுப் பாத்திருக்காரு. அப்ப கூட நின்னு லைட் பிடிச்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு செகுந்தினோ." ஒரு மூச்சு. "இன்னொருத்தரு இலாரியோன். உன் பக்கத்துல இருக்காரா?"

"ஆமா."

"கையில ஏதாவது?"

"ஆமா." குரல் எலி மாதிரி வந்தது. "பெருசு."

"வெள்ளித்தாளைப் பிடுங்கு. ஒயரைப் பெட்டில மாட்டு. அப்புறம் ஓடி வா."

இலாரியோன் ஒரு எட்டு வைத்தார். "மாமாவோட முதுகுப்பக்கம் கைய விடக் கூடாது," என்றார், ஒவ்வொரு சொல்லையும் பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பவர் மாதிரி. "தெரியாதா உனக்கு?"

ஏலோய் மூன்று விரலால் வெள்ளித்தாளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்தான். ஒயர் முனையைத் தூக்கிப் பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்தினான். இடுக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டது. சம்மட்டியின் நிழல் சுவரில் உயர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு மாமா என்றான்.

இரும்பு தண்டவாளத்தில் விழுந்த சத்தம் தலைக்குள் பாய்ந்தது.

கண்ணைத் திறந்தபோது இலாரியோன் முட்டி போட்டிருந்தார். விளக்கு ஏந்திய தலை இப்படியும் அப்படியும் ஆடியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

போன் கத்தியது. "முந்நூத்திப் பதினெட்டு! ஏலோய், முந்நூத்திப் பதினெட்டு! வெளிய வா!"

இருநூறு போதும், சில மணி நேரத்தில் ஒரு ஆளின் தலையைச் சுற்ற வைக்க. இலாரியோன் இந்தக் காற்றைக் காலை ஆறு மணியிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்.

ஏலோய் ஓடினான். ஏழெட்டு எட்டு ஓடினான். நின்றான். வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் இலாரியோனை நோக்கிச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்து, அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தான். மனிதர் ஈர மூட்டை மாதிரிக் கனத்தார். அறுபது அடி. பத்தடிக்கு ஒருமுறை கால் மடங்கியது. முட்டு மரங்கள் முனகின. நெற்றியில் தட்டிய விரல் இப்போது சம்மட்டியாகிவிட்டது. கூண்டில் அவரை உருட்டித் தள்ளிவிட்டு, கயிற்றைப் பிடித்து மணியை விடாமல் அடித்தான். கூண்டு குலுங்கி மேலே கிளம்பிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தான்.

மேலே சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தில் பதினாலு பேரும் ஓடிவந்து இலாரியோனைத் தூக்கிக் கல்குவியல் பக்கத்தில் கிடத்தினார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்தார், ஒருவர் தொப்பியால் விசிறினார். சுரங்கத்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாக இன்ஜினியர் கத்தினார். கொஞ்ச நேரத்தில் இலாரியோன் இருமினார். கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

ஏலோய் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு கையை நீட்டினான். "அவருதான் தோன்யா. அவருதான் முடிச்சுப் போட்டது. என்னை அடிக்க சம்மட்டியைத் தூக்கினாரு."

காசில்டா அவன் பக்கத்தில் குத்த வைத்தாள். "அவர் இல்லை."

"நான் பாத்தேன்!"

"நம்பர் பொய்னு தெரிஞ்ச ஆளு, அந்த நம்பருக்குக் கீழ ஆறு மணி நேரம் உக்காந்திருப்பானா? பக்கத்துக் குடைவுல வெடிக்கற புகை விரிசல் வழியா அங்க வந்திருக்கணும். அது அவருக்குத் தெரியாது. நிக்க முடியாம சம்மட்டியைப் பிடிச்சு நின்னிருக்காரு." அவள் கையை நீட்டினாள். "பிடுங்கினதைக் குடு."

வெள்ளித்தாள் கசங்கியிருந்தது. முறுக்கிய இரண்டு கொம்புக்கு நடுவில், மிட்டாயைச் சுற்றிய மாதிரி ஒரு புடைப்பு. காசில்டா ஸ்க்ரூடிரைவர் முனையால் அதைப் பிரித்தாள். உள்ளே மூன்று கோகா இலை, ஒன்றன் மேல் ஒன்றாக, பச்சைப் பக்கம் மேலே பார்க்க அடுக்கியிருந்தது. மாமாவிடம் அனுமதி கேட்கும்போதும் மன்னிப்புக் கேட்கும்போதும் வைக்கிற அடுக்கு.

கொலைகாரன் எவனும் மன்னிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகமாட்டான். ஏலோய்க்கு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. பாதிச் சிகரெட்டில் சங்கு ஊதி ஆட்கள் ஓடிய அந்தச் செவ்வாய். மாமாவுக்கு அவமரியாதை நடந்துவிட்டதே என்று மூன்று நாள் மனம் பொருமிய ஒரு மனிதர். அடுத்த வெள்ளி, சிகரெட் பற்றவைப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால், மாமா நிம்மதியாகப் புகைக்கட்டும் என்று ஒயரைக் கழற்றி, லைட் பிடித்து நின்றபோது பார்த்த வித்தையைச் செய்து, மேலே வந்து பச்சை எரிவதைப் பார்த்துத் திருப்திப்பட்டவர். திரும்ப மாட்ட மறந்தாரோ, அடுத்த செவ்வாயும் வருமே என்று விட்டாரோ. ஆறாம் நாள் அதே மாமாவின் காலடியில் செத்துக் கிடந்தார்.

அவர்கள் மேல் ஒரு நிழல் விழுந்தது. குமெர்சிண்டா வந்து நின்றிருந்தாள்.

"யாரு?" என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ஏலோய் வாயைத் திறந்தான். வந்தது அவள் கேட்டதேதான். "யாரு..."

காசில்டா உள்ளங்கையை மூடவில்லை. குமெர்சிண்டா குனிந்து பார்த்தாள். ஒரு இலையைக் காம்பால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். முனை உடையாத, ஓட்டை இல்லாத, முழு இலை.

"நான் பொறுக்கினது," என்றாள். "மாமாவுக்குன்னு தனியாக் கட்டிக் குடுப்பேன். வேற யாரு வீட்டுலயும் இப்படிப் பொறுக்கமாட்டாங்க."

ஆட்கள் சுற்றி வந்து நின்றார்கள். சங்கும் நின்றுவிட்டது. காசில்டா நடந்ததை இழுக்காமல், இனிப்புத் தடவாமல், நாலு வாக்கியத்தில் அவளிடம் சொன்னாள். அழுவாள் என்று ஏலோய் பயந்தான். அவள் அழவில்லை. இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"உன் மெஷினு கேட்ட கேள்வியே திரும்பி வந்தா, அதைப் பதில்னு நம்பிடுமா?"

பாஸ்கோபே தரையைப் பார்த்தார். "நம்பும் தோன்யா. நான் அப்படி எழுதிட்டேன்."

"அந்தப் பேச்சை நீங்க எல்லாரும் நம்புனீங்க." அவள் பதினாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின. "அவர் குடிக்கலை, குடிக்கலைன்னு ஒன்பது நாளா இந்தக் கல்லு மேல உக்காந்து நான் சொன்னேன். அதை ஒருத்தர் நம்பலை."

மூன்று இலையையும் வாங்கி, முனை உடையாமல் மடித்து, இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு அவள் இறக்கத்தில் நடந்தாள்.